பூஞ்சை பிடிக்காத டியூப்

அந்த ஆளைப் பற்றி உனக்கு எதற்கடி? வேறு வேலை இல்லையா? சரி, கேட்டுத் தொலை.

என் மீன்தொட்டி மூலையில் ஒழுகியது. கரப்பானை முழுசாக விழுங்குகிற என் அரோவனா, முழங்கை நீள மீன், பிளாஸ்டிக் டிரம்மில் மடங்கிக் கிடந்தது. தொட்டியை ஒட்ட சிலிக்கான் பசை வாங்கக் கள்ளக்குறிச்சி ஹார்டுவேர் கடைக்குப் போனேன். பூஞ்சையே பிடிக்காத சரக்கு என்று கடைக்காரர் ஒரு டியூப்பை நீட்டினார்.

பக்கத்தில் ஒரு ஒல்லி ஆள் பெயிண்டு டப்பாவை மோந்துகொண்டிருந்தார். எதை வாங்கினாலும் மோந்து பார்க்கிற மூக்கு போலிருக்கிறது. என் கையிலிருந்த டியூப்பை வெடுக்கென்று பிடுங்கினார்.

"ஏ கெய்வி, இது பாத்ரூமுக்குப் போடறது! பூஞ்சையைக் கொல்ற மருந்து கலந்திருக்கு. மீனு மட்டும் பொழைக்குமா?"

"யாருடா கெய்வி? உன் மூக்கை அறுத்து மீனுக்குப் போட்டுடுவேன்!"

அவர் சிரிக்கவில்லை.

"என் மீனு இதாலதான் செத்துச்சு ஆயா. பார்த்துக்கினே நின்னேன்."

மருந்து கலக்காத டியூப்பை அவரே தேடி எடுத்துக் கொடுத்தார்.

"ஒட்டினா புளிச்ச நாத்தம் வரும். அது போற வரைக்கும் தண்ணி ஊத்தாத."

பெயர் கேட்பதற்குள் சின்னசேலம் பஸ்ஸில் ஏறிவிட்டார். நான் திட்டினதை மட்டும் வாங்கிக்கொண்டு, நன்றி சொல்ல விடாமல் போன ஆள் மேல் எனக்கு இன்னும் கோபம் ஆறவில்லை.

அக்கம்பக்கத்தில் என்ன சொன்னேன் என்கிறாயா?

"கடையில எவனோ ஒருத்தன் தப்பான டியூப்பை வாங்கிக்கினு இருந்தான். நான்தான் மோந்து பார்த்துப் புடுங்கினேன்!"