காற்றை வெட்டும் உர்ஹோ

பேச வாய் திறந்தால் போதும், சவரக்கடை உர்ஹோ மாமாவின் கை காற்றை வெட்ட ஆரம்பித்துவிடும். கத்தரிக்குக் கீழே தலை இருக்கிறதா என்பதெல்லாம் அவருக்கு முக்கியமில்லை. மளிகைக்கடை வரிசையில் வெறுங்கையோடு நிற்கும்போதும் இரண்டு விரல்கள் ஆடிக்கொண்டே இருக்கும்.

மார்ச் மாதம் எங்கள் ஊரில் சவரக்கடை திறந்துவைத்திருப்பது வீண். கல்லூரி ஐஸ் ஹாக்கியின் பிளே-ஆஃப் இறுதிச்சுற்றுகள் தொடங்கிவிட்டால், அணி தோற்று வெளியேறும்வரை ஆட்டக்காரர்கள் தாடி எடுக்கமாட்டார்கள். ஊரும் எடுக்காது. பாதிரியாரிலிருந்து பனி அள்ளும் வண்டிக்காரர்வரை எல்லோரும் கரடிதான். ஒரு தாடியில் கத்தி பட்டால் அணி தோற்கும். பதினோராம் வகுப்பை இரண்டாம் முறையாகப் படிக்கும் எனக்குச் சந்தேகமில்லாமல் புரிந்த ஒரே விதி இது.

நானும் வளர்த்தேன். மோவாயில் ஐந்து முடி. தினமும் மாமா கடைக்குப் போய்க் காட்டுவேன்.

"உட்காருடா. என்ன, இன்னிக்கு ஆறு இருக்கு?"

"வளருது மாமா."

"அது மீன் முள்ளுடா. தொடச்சுக்கோ."

மூன்று ஆட்டக் காலிறுதி ஒன்றுக்கு ஒன்று என்று நின்றது. மூன்றாவது ஆட்டத்தன்று காலை கோல்கீப்பர் கேலன் கடைக்கு வந்தான். கடைசி வருட மாணவன். தோற்றால் அதோடு அவன் ஹாக்கி முடிந்தது. "பின்கழுத்து மட்டும்" என்றான். மாமா மெஷினை எடுத்தார். முந்தின நாள் நடுவர் செய்த அநியாயத்தை எடுத்தார். பேச்சு சூடாக, கை தன்பாட்டுக்கு ஓடியது. காதுக்குக் கீழே தாடியில் பளிச்சென்று ஒரு வெள்ளைக் கீற்று.

மாமா மெஷினை அணைத்தார். அவர் முகம் அந்தக் கீற்றைவிட வெளுத்திருந்தது.

"அடிபட்டுச்சுன்னு பிளாஸ்திரி ஒட்டிக்கிறேன், விடுங்க" என்றான் கேலன். பிறகு இருவரும் என்னைப் பார்த்தார்கள்.

பார்த்தது நியாயம்தான். என் வாயில் ரகசியம் தங்காது. பல்லே தங்கவில்லை, முன்பல் இரண்டும் போன குளிர்காலத்தில் ஐஸோடு போயின.

"டேய், வெளிய மூச்சு விட்டே, அஞ்சையும் பிடுங்கிடுவேன்" என்றார் மாமா.

அன்று கூடுதல் நேரத்தில், எங்கிருந்தோ சோம்பலாக வந்த ரப்பர் வட்டு கேலனின் கால்களுக்கு நடுவே உருண்டு வலைக்குள் போனது. எங்கள் வருடம் முடிந்தது.

மறுநாள் காலை தாடி எடுக்க ஊரே கடையில் நின்றது.

"அந்த வட்டை எங்க வீட்டு நாய்கூட மறிச்சிருக்கும்" என்றார் வரிசையில் ஒருவர்.

"நாய் கண்ணைத் திறந்து வெச்சிருக்கும்ல, அதான்."

நான் நாக்கைக் கடித்துக்கொண்டு நின்றேன். முன்பல் இல்லாததால் கடைவாயால்தான் கடிக்க முடிந்தது.

கதவு திறந்தது. கன்னத்தில் பிளாஸ்திரியோடு கேலன். யாரும் சொல்லாமலே வரிசை விலகியது. அவன் தரையைப் பார்த்தபடி நடந்து, எங்களுக்கு முதுகு காட்டி நாற்காலியில் உட்கார்ந்தான்.

"சீக்கிரம் எடுத்துடுங்க மாமா" என்றான்.

உர்ஹோ மாமா வாயைத் திறந்தார். விரல்கள் ஆடவில்லை. கத்தரியை மேசைமேல் வைத்தார்.

"நேத்து காலைல இவன் இங்க வந்தான். நல்லாப் பாத்துக்கோங்க, இது என் கை பண்ணின வேலை."

நாற்காலியை எங்கள் பக்கமாக முழுக்கத் திருப்பி, கேலனின் மோவாயை வெளிச்சத்துக்கு நிமிர்த்தி, பிளாஸ்திரியை மெதுவாக உரித்தார்.