அண்ணி வண்டிக்கு அடியில் சிவப்புக் கறை

எங்க அண்ணியோட இடது முட்டி மடங்காது. சின்ன வயசுல பஸ் ஒண்ணு இடிச்சு, டாக்டருங்க உள்ள கம்பி வச்சு காலை நேராவே நிறுத்திட்டாங்க. இதை முதல்லயே சொல்லிடறேன், ஏன்னா அண்ணியைப் பார்க்கற எல்லாருக்கும் அந்தக் கால்தான் முதல்ல கண்ணுல படும். அப்புறம் வேற எதுவுமே படாது. எனக்கு அதுதான் பத்திக்கிட்டு வரும்.

அண்ணி வாடகைக் கார் ஓட்டறாங்க. கிளச் இல்லாத ஆட்டோமேட்டிக் வண்டி. கிளச் மிதிக்கத்தான் இடது கால் வேணும், மத்ததுக்கெல்லாம் வலது கால் போதும். அதுக்கு முன்னாடி ஒரு ஆபீஸ்ல, மூணாவது மாடியில, போன் எடுக்கற வேலை. லிஃப்ட் அடிக்கடி மக்கர் பண்ணும். ஒரு நாள் மேனேஜர், "எதுக்கும்மா கஷ்டப்படறீங்க, வீட்டோட இருந்துடலாமே"ன்னு அன்பா சொன்னார். அன்பா சொல்றவங்களைக் கண்டாலே அண்ணிக்கு ஆகாது. வேலையை விட்டுட்டு நேரா டிரைவிங் ஸ்கூலுக்குப் போனாங்க. அங்க "பார்க்கலாம்"னாங்க. பார்க்கலாம்னா முடியாதுன்னு அர்த்தம். அண்ணி தினமும் போய் அவங்க வாசல் பெஞ்சுல உட்கார்ந்து, "பார்த்தாச்சா?"ன்னு கேட்டுக்கிட்டே இருந்தாங்க. தொல்லை தாங்காமத்தான் கத்துக்குடுத்தாங்க.

அது ஆச்சு ஆறு வருஷம். ஆஸ்பத்திரிக்குப் போற வயசானவங்க, மாசமா இருக்கறவங்க, படி இறங்கவே கால் மணி நேரம் ஆகறவங்க, எல்லாரும் அண்ணியைத்தான் கூப்பிடுவாங்க. ஹாரன் அடிச்சு அவசரப்படுத்தாத ஒரே டிரைவர்னு பேரு. வீட்டுக்குள்ள எங்களை மட்டும் நல்லா விரட்டுவாங்க, அது வேற விஷயம்.

வீட்டுல நாங்க மூணு பேர். அண்ணி, எங்க அண்ணன், அப்புறம் நான். என் கல்யாணம் சரிப்பட்டு வரல, திரும்பி வந்து மாடியில தையல் மெஷின் போட்டிருக்கேன். நாத்தனாரும் அண்ணியும் ஒரே கட்சியா இருக்கற வீடு ஊர்ல எங்க வீடு ஒண்ணாத்தான் இருக்கும். அண்ணன் பெரிய ஆஸ்பத்திரி ஒண்ணுல ஜெனரேட்டர் பார்க்கறவன். கரண்ட் போனா அடுத்த நொடி அவனோட எஞ்சின் ஓடணும், இல்லன்னா உள்ள ஒரு உயிர் போயிடும். அதனால அவனுக்கு எஞ்சின்னா பயபக்தி. தினமும் காலையில, எஞ்சின் குளிர்ந்து கிடக்கும்போது ஆயில் பார்க்கணும், குறைஞ்சிருந்தா ஊத்தணும். அவனைத் தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் இதைத்தான் சொல்லுவான்.

இப்படி இருக்கும்போதுதான் வண்டி ஒழுக ஆரம்பிச்சுது. காலையில வண்டி நிக்கற இடத்துல, தரையில, உள்ளங்கை அகலத்துக்குச் சிவப்பா ஒரு கறை. ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் ஆயில் சிவப்பாத்தான் இருக்கும். நான் முதல் தடவை பார்த்தப்போ பூனை எதுவோ அடிபட்டுடுச்சுன்னு அலறிட்டேன்.

முதல் மெக்கானிக் கியர்பாக்ஸோட அடித்தட்டைக் கழட்டி, கசியாம அடைக்கற கேஸ்கெட்டை மாத்தினார். கொஞ்ச நாள் தரை சுத்தமா இருந்துச்சு. அப்புறம் பழையபடி கறை, முன்னைவிடப் பெருசா. ரெண்டாவது மெக்கானிக் பக்கவாட்டுல இருக்கற ரப்பர் சீலை மாத்தினார். அதுவும் கொஞ்ச நாள்தான். மூணாவது ஆள் கீழ குனிஞ்சு பார்த்துட்டு, எழுந்து, கையைத் துடைச்சுக்கிட்டே அண்ணி காலைப் பார்த்தார். "பேசாம வித்துடுங்கம்மா. உங்களுக்கு எதுக்கு இந்தப் பாடு"ன்னார்.

அவ்வளவுதான், அண்ணன் பிடிச்சுக்கிட்டான். வித்துடலாம், வித்துடலாம்னு காலையும் மாலையும் அதே பல்லவி. "மலைப் பாதையில கியர் விழாம நின்னுட்டா என்ன பண்ணுவே?"

"நின்னா நிக்கும். மத்த டிரைவருங்க வண்டியெல்லாம் நிக்கறதே இல்லையா?"ன்னாங்க அண்ணி.

வருஷாந்திரச் சோதனை அடுத்த மாசம். ஆயில் ஒழுகற வாடகை வண்டிக்கு அனுமதி கிடையாது. அன்னிக்குச் சாப்பிட்டுக்கிட்டிருக்கும்போது அண்ணி தட்டைத் தள்ளி வச்சுட்டுச் சொன்னாங்க. "சோதனைக்குள்ள இந்த ஒழுகலை நானே கண்டுபிடிக்கறேன். முடியலன்னா சாவியை உங்க கையில குடுத்துட்டு வீட்ல உட்கார்றேன். அப்புறம் இந்தப் பேச்சே வரக்கூடாது."

மூணு மெக்கானிக் கைவிட்ட வண்டி. அதை வச்சு யாராவது பந்தயம் கட்டுவாங்களா? தனியாக் கூப்பிட்டுத் திட்டினேன். "நீ வாயை மூடிக்கிட்டு டார்ச்சைப் பிடி"ன்னாங்க.

வண்டி கழுவற கடையில காரை மேல ஏத்தி நிறுத்தற மேடை இருக்கு. அங்க போனோம். கடைக்காரர், "பொம்பளைங்க அடியில போறது சரியா வராதும்மா"ன்னு இழுத்தார். "அடியில இருக்கறதும் இரும்புதான், மேல இருக்கறதும் இரும்புதான். தள்ளுங்க"ன்னாங்க அண்ணி. பழைய பலகையைத் தரையில போட்டு மல்லாந்து படுத்து உள்ள நகர்ந்தாங்க. மடங்காத காலோட படுக்கறது சுலபம். எழுந்திரிக்கறதுக்குத்தான் என் தோள் வேணும்.

அண்ணி கண்டுபிடிச்ச வழி இது. கியர்பாக்ஸ் முழுக்க எண்ணெய்ப் பிசுக்கு போக மண்ணெண்ணெய் போட்டுத் துடைச்சாங்க. நல்லா காய்ஞ்சதும் மேல முகப்பவுடரைத் தூவினாங்க. என்னோட பவுடர். புது டப்பா. ஒரு சுத்து ஓட்டிட்டு வந்து பார்த்தா, வெள்ளையில சிவப்புக் கோடு எங்க தொடங்குதோ அதுதான் ஓட்டை.

முதல் நாள், கேஸ்கெட் ஓரம் பவுடர் அப்படியே வெள்ளையா இருந்துச்சு. சிவப்பு அதுக்கும் மேல இருந்து வந்திருந்துச்சு. "பார்த்தியா, எல்லாரும் சொட்டற இடத்தைத்தான் மாத்தியிருக்காங்க. கசியற இடத்தை ஒருத்தரும் தேடல"ன்னாங்க. மறுபடி துடைச்சு, மறுபடி பவுடர். பக்கவாட்டு சீலும் வெள்ளை. அதுக்கும் மேல கண்ணு எட்டல. என் கைக்கண்ணாடியைத் துணி அளக்கற ஸ்கேல்ல கட்டி உள்ள நீட்டினாங்க. நான் டார்ச் அடிச்சேன். கியர்பாக்ஸ் தலையில தொப்பி மாதிரி ஒரு சின்னக் குழாய். அதோட வாயிலிருந்து சிவப்புக் கோடு வழிஞ்சு, ஓடற காத்துல பின்னாடி போய், கீழ இறங்கியிருந்துச்சு.

அண்ணி பலகையில படுத்தபடியே சிரிச்சாங்க. முகமெல்லாம் பவுடர். எனக்கு அழுகையே வந்துடுச்சு.

உதிரிபாகக் கடைக்காரர், அண்ணி போன்ல எடுத்துக்கிட்டுப் போன படத்தைப் பார்த்ததும் சொல்லிட்டார். "இது மூச்சுக்குழாய். இது ஒழுகாதும்மா. ஆயில் அளவுக்கு மேல இருந்தா சூட்டுல நுரைச்சு இது வழியா வெளியே தள்ளும். யாரோ அதிகமா ஊத்தியிருக்காங்க. இந்த வண்டிக்கு நல்லா ஓடி, சூடா இருக்கும்போதுதான் குச்சியில அளவு பார்க்கணும். ஆறின பிறகு பார்த்தா குறைவாத்தான் காட்டும். ஆனா குறைஞ்சிருக்காது."

"நான் ஒரு சொட்டு ஊத்தலையே"ன்னாங்க அண்ணி.

அங்கேயே அதிகப்படியை இறக்கி, சூட்டுல அளவைச் சரி பண்ணினாங்க. அன்னிக்கு முழுக்க வண்டி ஓடிச்சு, ஒரு துளி இல்ல. மறுநாள் மத்தியானம் மறுபடி சிவப்பு.

அண்ணி அடுப்படியில வந்து நின்னாங்க. "ராத்திரி வண்டி வீட்லதானே நிக்குது?"ன்னு கேட்டுட்டு என்னைப் பார்த்தாங்க.

"என்னையா சந்தேகப்படறீங்க?" எனக்குக் கோபம் பொத்துக்கிட்டு வந்துச்சு.

"சீ, உனக்கு போனட்டே திறக்கத் தெரியாது."

மறுநாள் காலையில அண்ணி குளிக்கப் போறதாச் சொல்லி, குழாயைத் திறந்து விட்டுட்டு, பின்வாசல் வழியா வெளியே வந்து காரோட பின்சீட்டுல போர்வையை மூடிப் படுத்துக்கிட்டாங்க. நான் மாடி ஜன்னல்ல நின்னேன். கொஞ்ச நேரத்துல எங்க அண்ணன் பூனை மாதிரி வந்தான். தோள்ல துண்டு, துண்டுக்குள்ள புனலும் ஆயில் டப்பாவும். போனட்டைத் திறந்தான். குச்சியை உருவித் துடைச்சுப் பார்த்தான், உச்சுக் கொட்டினான், ஊத்தினான்.

காரோட பின் ஜன்னல் கண்ணாடி கீழ இறங்கிச்சு. "இன்னும் கொஞ்சம் ஊத்துங்க, வயிறு நிறையட்டும்"ன்னாங்க அண்ணி.

புனல் கீழ விழுந்து உருண்டுச்சு. நான் படியில ரெண்டு ரெண்டா இறங்கி ஓடினேன்.

வண்டி ஒழுகறதுக்குக் கொஞ்ச நாள் முன்னாடி, சர்வீஸ் பண்ணின மெக்கானிக் இவன்கிட்ட, "ஆயிலைக் கொஞ்சம் பார்த்துக்கோங்க"ன்னு சொல்லியிருக்கார். இவனும் பார்த்துக்கிட்டான், ஜெனரேட்டரைப் பார்க்கற மாதிரி, குளிர்ந்த வண்டியில, தினமும். குறைவாத் தெரிஞ்சுது, ஊத்தினான். மூச்சுக்குழாய் கக்கிச்சு, மறுபடி ஊத்தினான். முதல் ரெண்டு மெக்கானிக்கும் ஆயிலை இறக்கி அளவா ஊத்தினதால கொஞ்ச நாள் நின்னிருக்கு, அவ்வளவுதான்.

"வித்துடு வித்துடுன்னு ஒரு பக்கம் சொல்லிக்கிட்டு, இன்னொரு பக்கம் இதையா பண்ணிக்கிட்டிருந்தே?"ன்னு நான் கத்தினேன். அவன் என்னைப் பார்க்கவே இல்ல.

"பயம்"னான் அண்ணிகிட்ட. "நடு ரோட்ல வண்டி நின்னா உன்னால இறங்கி நடக்க முடியாதே."

"நடக்க முடியாதுன்னுதானே ஓட்டறேன்"ன்னாங்க அண்ணி. குரலை உயர்த்தல. "அதையும் பிடுங்கப் பார்த்தீங்க. பயமா இருந்தா என்கிட்ட சொல்லணும். கியர்பாக்ஸ்கிட்ட சொன்னா அது கக்கத்தான் செய்யும். ஆறு வருஷமா ஊர்ல இருக்கறவங்க எல்லாம் என் வண்டியில ஏறியாச்சு. நீங்க ஒரு நாளாவது ஏறியிருக்கீங்களா?"

ஷிஃப்ட், டியூட்டின்னு ஆறு வருஷமாச் சாக்கு சொல்லிக்கிட்டிருந்தவன் குனிஞ்சு புனலை எடுத்தான். அண்ணி பலகையை அவன்கிட்ட நீட்டினாங்க. அவன் ஊத்தினதை அவனையே அடியில படுத்து இறக்க வச்சாங்க. சட்டையெல்லாம் சிவப்பு. நான் உதவிக்குப் போகல, நல்லா வேணும்னுதான் நின்னேன்.

சோதனைக்கு அவனையும் கூட்டிக்கிட்டுத்தான் போனாங்க. ஆய்வாளர் அடியில டார்ச் அடிச்சுப் பார்த்தார், காய்ஞ்சு கிடந்துச்சு. வெளியே வந்தவர் அண்ணி காலைப் பார்த்துட்டு, அண்ணன் பக்கம் திரும்பி, "ஓட்டறது யாரு, நீங்களா?"ன்னார். அண்ணன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். அண்ணி அவனை முந்திக்கிட்டாங்க. "நான்தான் சார். சோதனை வண்டிக்கா, காலுக்கா? காலுக்குன்னா அதையும் பார்த்துடுங்க, ஒழுகல." அவர் முத்திரையைக் குத்தினார்.

திரும்பும்போது அண்ணன் முன்சீட்டுல உட்கார்ந்தான், நான் பின்னாடி. நேர் ரோடு ஒண்ணு இருக்கு. அண்ணி அதை விட்டுட்டு மலைப் பாதையில திருப்பினாங்க.

"கோபம் போச்சா?"ன்னு கேட்டான்.

"இல்ல. ரோட்டைப் பாருங்க."

முதல் வளைவு வந்துச்சு. அண்ணன் ஜன்னலுக்கு மேல இருந்த கைப்பிடியை இறுக்கிப் பிடிச்சுக்கிட்டான். காலும் தானாத் தரையை அழுத்திச்சு, இல்லாத பிரேக்கைத் தேடி. அண்ணி அதைப் பார்த்தாங்க. பார்த்துட்டும் வேகத்தைக் குறைக்கல.