அம்மா சொன்ன ஆணி

அம்மாவின் படம் தரையில், சுவரில் சாய்ந்து நிற்கிறது. அவள் இறந்து மூன்று மாதமாகிறது. நான் கர்ப்பமாக இருப்பதால் அப்பா ஆணி அடிக்க மறுக்கிறார். கருவைக் காக்கும் தெய்வம் வீட்டுச் சுவரிலும் இருக்குமாம், அதற்கு அடி விழுந்தால் குழந்தைக்கு ஆகாதாம்.

அம்மா பெயர் மெய்தாவ். தைவானில் தைனான் நகரச் சந்தையில் பால்கெண்டை மீன் விற்றாள். நான் பிறந்து வீட்டுக்கு வந்த அன்றே மீன் தராசில் கிடத்திப் படம் எடுத்தாள். முள் ஐந்து கிலோவைத் தொட்டு நிற்கும். கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் காட்டுவாள்.

"அக்கா, இந்த மீன் என்ன விலை?" என்பார்கள்.

"செதில் எடுத்தா ஒரு விலை, எடுக்காட்டி ஒரு விலை," என்பாள்.

அந்தப் படத்தை மாட்டத்தான் அப்பா படுக்கையறையில் ஆணி அடித்தார். அம்மாவுக்கு அப்போது நிறைமாதம், வயிற்றில் என் தம்பி. சில நாளில் அவன் வயிற்றிலேயே அசையாமல் போனான். என்னைவிடப் பெரிய குழந்தை என்றார்கள்.

"நீ அடிச்ச ஆணிதான்யா காரணம்," என்றாள் அம்மா. சோறு குழைந்தாலும் மழை பெய்தாலும் கடைசியில் பேச்சு அங்கேதான் போய் நிற்கும். அதன்பின் அப்பா சுத்தியலைத் தொடவில்லை. நாட்காட்டியைக்கூடப் பசைநாடாவால்தான் ஒட்டுவார்.

பல வருடம் கழித்து அம்மாவுக்குச் சர்க்கரை நோய் என்று தெரிந்தது. முதலில் கால் புண், பிறகு சிறுநீரகம்.

நான் கணினிச் சிப் தொழிற்சாலையில் பொறியாளர். பழுது வந்தால் காரணம் தேடுவது என் வேலை. மகப்பேறு மருத்துவர் கேட்ட கேள்விகளும் அப்படித்தான் இருந்தன. வயது? முப்பத்தெட்டு. எடை? கூடுதல். அம்மாவுக்குச் சர்க்கரை உண்டா? உண்டு. நீங்கள் பிறந்தபோது எவ்வளவு எடை?

அவர் பின்னால் ஒரு சுவரொட்டி. கர்ப்பத்தில் சர்க்கரை வர வாய்ப்புள்ளவர்கள் யார் என்று போட்டிருந்தது. முன்பு நாலு கிலோவுக்கு மேல் குழந்தை பெற்றவர்கள். காரணம் தெரியாமல் வயிற்றிலேயே குழந்தையை இழந்தவர்கள். அதற்கு மேல் படிக்க முடியவில்லை.

இனிப்புத் தண்ணீர் குடிக்க வைத்து ரத்தம் எடுத்தார்கள். எனக்கும் சர்க்கரை இருந்தது. இன்சுலின் ஊசி எழுதித் தந்தார்கள்.

வீட்டுக்கு வந்து சொன்னேன். "அப்பா, ஆணியால இல்ல."

"பின்ன?"

"அம்மாவுக்கு அப்பவே இருந்த சர்க்கரையா இருந்திருக்கும். நான் அவ்ளோ பெருசாப் பொறந்ததே ஒரு அடையாளம். அப்ப யாரும் ரத்தம் பார்க்கல. இப்ப நிரூபிக்க முடியாது."

அப்பா தராசுப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இதை உங்கம்மாகிட்ட சொல்லியிருந்தா?"

"திட்டியிருப்பாங்க."

"ஆமா. 'என் பன்னிக்குட்டி எடையிலயா குறை கண்டுபிடிக்கிற'ன்னு கேட்டிருப்பா." சிரித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

நான் சுத்தியலை எடுத்து நீட்டினேன். "அம்மா படத்தை மாட்டுங்கப்பா."

அவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். "குழந்தை பொறக்கட்டும். நீ ஊசி போட்டுக்கோ. ஆணி வேண்டாம்."

நான் வற்புறுத்தவில்லை.

சாப்பிட்டதும் விரலைக் குத்தி அளவு பார்க்கிறேன். தரையிலிருந்து அம்மா பார்க்கிறாள். அளவு சரியாகத்தான் இருக்கிறது. ஆனாலும் குழந்தை கொஞ்ச நேரம் அசையாமல் இருந்தால், என் கண் முதலில் போவது தராசுப் படம் தொங்கும் அந்தப் பழைய ஆணிக்குத்தான்.