வாடிப்பட்டியில் மூன்று வாயும் ஒரு கணினியும்

வாடிப்பட்டிப் போட்டிக்குப் போகலாமா என்று யோசிக்கும் சதுரங்கப் பைத்தியங்களுக்காக இதை எழுதுகிறேன். போன ஞாயிறு போய் அசிங்கப்பட்டுத் திரும்பினோம். வயிற்றெரிச்சல் இன்னும் அடங்கவில்லை.

அங்கே ஒரு கல்யாண மண்டபத்தில், கணினியை எதிர்த்து மனிதர்கள் ஆடும் போட்டி வருஷா வருஷம் நடக்கிறது. கணினி ஒரு குதிரையைக் குறைத்துக்கொண்டு ஆடும். போன வருஷம் எங்கள் காசிம் தனியாக ஆடித் தோற்றான். தையல் கடைக்காரன், எங்களில் இளையவன். மனிதர்கள் மூன்று பேர் கூடிப் பேசி ஆட அனுமதிக்க வேண்டும் என்று அமைப்பாளர்களுக்குப் போன் மேல் போன் போட்டு விதியை மாற்ற வைத்தவன் அவன்தான். ஓர் அணியாவது டிரா செய்யாவிட்டால் விதியை எடுத்துவிடுவோம் என்று சொல்லித்தான் ஒப்புக்கொண்டார்கள்.

காலை 8.10-க்கு நான், காசிம், பள்ளி ஆசிரியர் செல்வம் மூவரும் காளவாசலில் ஆட்டோ பிடித்தோம். ஆரப்பாளையம் பேருந்து நிலையத்துக்கு எண்பது ரூபாய். (பேரம் பேசிப் பார்க்காதீர்கள், வாய்தான் வலிக்கும்.) விஷயத்தைக் கேட்டு ஓட்டுநர் சிரித்தார்.

"ஒத்த மிஷினை மூணு பேரு சேந்து அடிக்கிறதா? நல்லாவா இருக்கு?"

"அதுக்குள்ள எம்புட்டுப் பேரு ஆடுன ஆட்டம் இருக்குண்ணே! நாங்க மூணு பேரு பேசிக்கிட்டா மட்டும் தப்பா?" என்றான் காசிம்.

8.45 பேருந்து, சுமார் இருபத்தைந்து கிலோமீட்டர், ஆளுக்கு இருபத்தைந்து ரூபாய். பத்தரைக்கு ஆட்டம். இருபதாவது நகர்த்தல் வரை நன்றாகவே போனது. அப்போது ராணிக்கு ராணி வெட்ட வழி கிடைத்தது.

"வெட்டிருவோம்ணே. நமக்குக் குதிரை கூட இருக்கு. ராணி போயிட்டா அதால நம்மள ஒண்ணும் பண்ண முடியாது" என்றான் காசிம்.

எங்கள் டீக்கடை ஆட்டத்தில், சுற்றி நிற்பவர்களில் யார் குரல் ஓங்குகிறதோ அவர் சொன்ன காய்தான் நகரும். அதே புத்தியோடு மண்டபத்திலும் உட்கார்ந்திருந்தேன். "பயந்தாங்கொள்ளி! நேரா ராஜாவ அடிப்போம்" என்று கத்தினேன். செல்வம் ஒத்து ஊதினார். காசிம் மறுபடி வாயெடுத்தான். "போன வருஷம் தோத்தவன்தானடா நீ?" என்றேன். ஏன்தான் சொன்னேனோ, பாவி.

"அண்ணே சொன்னாச் சரி" என்று கையைக் கட்டிக்கொண்டான்.

எட்டே நகர்த்தலில் எங்கள் ராணி போனது. பிறகு ஆட்டமே போனது. வேறு எந்த அணியும் தேறவில்லை. அமைப்பாளர் வந்து, "ராணிய வெட்ட வேணாம்னு சொன்னது யாருங்க?" என்று கேட்டார்.

"மூணு பேரும் கூடித்தான் முடிவெடுத்தோம்" என்றேன் நான். காசிம் என்னைப் பார்த்தான்.

திரும்பும்போது அவன் பேருந்தின் முன்சீட்டில் தனியாக உட்கார்ந்துகொண்டான். எப்போதும் "வாரேன்ணே" என்று சொல்லிப் பிரிகிறவன், ஆரப்பாளையத்தில் இறங்கியதும் "போறேன்" என்றான்.

அடுத்த வருஷம் போகிறவர்கள் தண்ணீர் பாட்டில் கொண்டுபோங்கள், மண்டபத்தில் பாதி மின்விசிறி ஓடாது. இனிமேல் தனியாகத்தான் ஆட முடியும், விதியை எடுத்துவிட்டார்கள். மனிதர்கள் கூடிப் பேசலாமா என்றால், பேசலாம் என்றுதான் இப்போதும் சொல்வேன். நாங்கள் எங்கே பேசினோம்? குதிரை கூட இருந்தால் ராணியை வெட்டிவிடுங்கள். சொன்னவன் காசிம். அமைப்பாளர் கேட்டபோது இதைச் சொல்லத்தான் எனக்குக் குரல் எழும்பவில்லை.