மண்டபம் கொடுத்தவர்

பாகர்வடி என்கிற காரச் சுருள் ஒன்றை இரண்டு விரல்களுக்கு நடுவில் பிடித்துக்கொண்டு, கடிக்கவும் செய்யாமல் திரும்ப வைக்கவும் செய்யாமல் எங்கள் செயலாளர் உட்கார்ந்திருந்த அந்தப் பகல் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. எதிரில் ஹடப்சர் தொழிற்பேட்டையிலிருந்து வந்திருந்த முதலாளி. லேத் மெஷின்களை இயக்கும் கட்டுப்பாட்டுப் பெட்டிகளைச் செய்து விற்பவர். மேசை மேல் அவர் கொண்டுவந்த பெரிய டப்பா திறந்தபடி இருந்தது. "யே தோ ஆப் கா ஹி காம் ஹை, மேடம்," என்று அவர் திரும்பத் திரும்பச் சொன்னார். இது நீங்கள் செய்த வேலைதானே, உங்கள் வேலையை நீங்களே காப்பாற்றிக்கொள்ளக் கூடாதா என்பது அவர் கேள்வி. நான் பக்கத்து மேசையில் ஒரு விசாக் கடிதத்தைத் தட்டச்சு செய்வதுபோல் பாவனை செய்துகொண்டு எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தேன்.

நான் அந்த அலுவலகத்தில் சேர்ந்தது தற்செயலாகத்தான். கணவருக்குக் கராடியில் வேலை கிடைத்து, திருச்சியிலிருந்து மூட்டை முடிச்சோடு புனேவுக்கு வந்தோம். எனக்கும் ஏதாவது வேலை வேண்டும் என்று தேடியபோது, கட்கியில் ஒரு அறக்கட்டளை அலுவலக நிர்வாகத்துக்கு ஆள் தேடுவதாகத் தெரிந்தவர் ஒருவர் சொன்னார். மாடியில் இரண்டு அறை. லோக்கல் ரயில் போனால் ஜன்னல் கண்ணாடி கிடுகிடுக்கும். யார் வேண்டுமானாலும் இலவசமாக எடுத்துக்கொள்ளக்கூடிய ஒரு இயங்குதளத்துக்குத் துணை நிற்பதுதான் அறக்கட்டளையின் வேலை என்று நேர்காணலில் சொன்னார்கள். வீட்டுக்கு வந்து அதை அப்படியே ஒப்பித்தேன். "சும்மா குடுக்கறதுக்கு ஒரு ஆபீஸா?" என்றார் கணவர்.

போகப் போகப் புரிந்தது. கணினியைத் தட்டி எழுப்பி, திரை, விசைப்பலகை, வட்டு எல்லாவற்றையும் வேலை வாங்குகிற அடிப்படை நிரல்தான் இயங்குதளம். எங்களுடையதைப் பல நாடுகளில் இருப்பவர்கள் தங்கள் பொழுதிலிருந்து நேரம் எடுத்து எழுதுகிறார்கள். அவர்களில் ஒருவர்கூட எங்கள் சம்பளக்காரர் இல்லை. உள்ளே எது வரவேண்டும், எது வெளியேற வேண்டும் என்பதை மின்னஞ்சல் குழுவில் மாதக்கணக்கில் சண்டை போட்டு அவர்களேதான் தீர்மானிப்பார்கள். மற்றதெல்லாம் அறக்கட்டளையின் தலையில். எழுதியதைச் சோதித்துப் பார்க்க இயந்திரங்கள் வேண்டும், அவற்றுக்கு இடமும் இணைப்பும் வேண்டும். இயங்குதளத்தின் பெயரை வேறு எவனாவது தன் சரக்கில் ஒட்டி விற்றால் வக்கீல் வைத்துத் தடுக்க வேண்டும். வருடத்துக்கு ஒருமுறை எல்லோரும் ஓரிடத்தில் கூட டிக்கெட்டும் தங்குமிடமும் வேண்டும். யாரும் விரும்பிச் செய்யாத, ஆனால் செய்தே ஆகவேண்டிய வேலை ஏதாவது இருந்தால் அதை முடிக்க ஒருவரை ஒப்பந்தத்தில் அமர்த்த வேண்டும். "நாம மண்டபம் குடுக்கறவங்கம்மா," என்று சேர்ந்த புதிதில் செயலாளர் எனக்குச் சொன்னார். "லைட் எரியணும், தண்ணி வரணும், அது நம்ம பொறுப்பு. பொண்ணு யாரு, மாப்பிள்ளை யாருன்னு நாம சொல்லக் கூடாது. அவ்ளோதான்."

அவர் கட்கியிலேயே பிறந்து வளர்ந்தவர். அப்பா வெடிமருந்துத் தொழிற்சாலையில் வேலை பார்த்தவராம். செயலாளரின் தமிழில் இந்தி பாதி, மராத்தி கால். கடகடவென்று பேசுவார், ஆனால் தமிழ் எழுத்தைக் கண்டால் திணறுவார். உறவுக்காரர்களிடமிருந்து வரும் கல்யாணப் பத்திரிகைகளை என்னிடம் கொடுத்துப் படிக்கச் சொல்வார். "முகூர்த்தம் எத்தன மணிக்கு, அத மட்டும் சொல்லு" என்பார். என் ஆங்கிலக் கடிதங்களைத் திருத்தும்போது மட்டும் இரக்கமே கிடையாது. விசாக் கடிதத்தில் ஒரு தேதி பிசகினால் அன்றைக்கு மதியச் சாப்பாடு எனக்கு இறங்காது. கோபம் வந்த வேகத்தில் போய்விடும் என்பதால் தாக்குப்பிடித்தேன் என்று சொல்லலாம்.

செயலாளராவதற்கு முன்னால் அவரும் அந்த இயங்குதளத்தை எழுதியவர்களில் ஒருவர். இளம் வயதில், ஒரு கம்பெனியில் வேலை பார்த்துக்கொண்டே, சாயங்காலங்களில் வீட்டில் உட்கார்ந்து, ‘சிப்’ என்கிற கணினிச் சில்லுகளில் ஒரு மலிவான வகையில் எங்கள் இயங்குதளம் ஓடுவதற்கான பகுதியைத் தனியாளாக எழுதி முடித்தார். விலை உயர்ந்த கணினி வாங்க முடியாத பள்ளிக்கூடங்களிலும் சின்னப் பட்டறைகளிலும் அப்போது அந்தச் சில்லுதான் இருந்தது. வருடக்கணக்கில் அவரே அதைப் பராமரித்தார். வெளிநாட்டுக்காரர்கள் அவர் பெயரைச் சொல்லமாட்டார்கள், அந்தச் சில்லின் பெயரைச் சொல்லி "அந்தச் சில்லுக்காரர்" என்பார்களாம். அறக்கட்டளைப் பொறுப்பை ஏற்றபோது, நிரல் எழுதிச் சேர்க்கும் உரிமையைத் தானாகவே திருப்பிக் கொடுத்துவிட்டார். யாரும் அவரைக் கேட்கவில்லை. இயந்திரமும் டிக்கெட்டும் யாருக்கு என்று முடிவுசெய்யும் கை, நிரலிலும் இருக்கக் கூடாது என்று அவராக வைத்துக்கொண்ட கட்டுப்பாடு அது. அலுவலகத்தில் நிரலைப் பற்றிப் பேச்சே எடுக்க மாட்டார்.

இப்படியிருக்கும்போதுதான் அந்தச் சில்லுக்கான பகுதியை இயங்குதளத்திலிருந்து நீக்கிவிடலாம் என்று மின்னஞ்சல் குழுவில் ஒரு யோசனை வந்தது. சொன்னவர் கராடியில் வேலை பார்க்கும் கோயம்புத்தூர்க்காரர். சில்லு தயாரிப்பு நின்று வெகுகாலமாகிவிட்டது, பயன்படுத்துபவர்கள் குறைந்துவிட்டார்கள், ஆனால் எங்கே எதை மாற்றினாலும் அதற்கும் ஒருமுறை சோதித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது, எல்லோருடைய வேலையும் இழுபடுகிறது என்பது அவர் வாதம். வழக்கம்போல் சண்டை நடந்து, கடைசியில் நீக்குவது என்று எழுதுபவர்கள் முடிவெடுத்தார்கள். பல இடங்களில் பின்னிக்கிடப்பதைப் பிரித்தெடுப்பது லேசான காரியம் இல்லை. அதனால் கோயம்புத்தூர்க்காரரையே ஒப்பந்தத்தில் அமர்த்தித் தரும்படி அறக்கட்டளைக்குக் கோரிக்கை வந்தது. செயலாளர் எழுதியதைப் பிடுங்கி எறிவதற்குச் செயலாளரிடமே ஆள் கேட்டார்கள்.

ஹடப்சர் முதலாளி டப்பாவோடு வந்தது அதற்குப் பிறகுதான். அவருடைய பெட்டிகளுக்குள் இருந்தது அந்தச் சில்லும் எங்கள் இயங்குதளமும்தான். அறக்கட்டளைக்கு வருடாவருடம் பெரிய நன்கொடை தருவதாகச் சொன்னார். அது வந்தால் எழுதுபவர்கள் வெகுநாளாகக் கேட்டுக்கொண்டிருந்த புதுச் சோதனை இயந்திரங்களை வாங்கிவிடலாம். பதிலுக்கு அவர் கேட்டது ஒன்றுதான். அந்தப் பகுதியை நீக்கமாட்டோம் என்று அறக்கட்டளை எழுதிக் கொடுக்க வேண்டும். செயலாளர் பாகர்வடியை ஒரு காகிதத்தின் மேல் வைத்தார். அந்த முடிவு இந்த அறையில் எடுக்கப்படுவது இல்லை என்று இந்தியில் நிதானமாகச் சொன்னார். உங்கள் ஆள் ஒருவரை எழுதுபவர்களின் குழுவுக்கு அனுப்புங்கள், இந்தப் பகுதியை இனி நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்று அவர் சொல்லட்டும், ஒருவேளை கேட்பார்கள் என்றார். பழைய பதிப்பு எங்கள் இயந்திரத்தில் என்றைக்கும் இருக்கும், அதை யாரும் அழிக்க முடியாது, உங்கள் பெட்டிகள் நின்றுபோகாது என்றும் சொன்னார். முதலாளிக்கு அது போதவில்லை. அப்படி ஓர் ஆளை எங்கே போய்த் தேடுவது என்று சலித்துக்கொண்டார். மனிதர் கெட்டவர் இல்லை, பயந்துபோயிருந்தார்.

நிர்வாகக் குழுக் கூட்டத்தில் ஒப்பந்தம், நன்கொடை இரண்டும் விவாதத்துக்கு வந்தன. மற்ற உறுப்பினர்கள் திரையில் இருந்தார்கள். செயலாளர் எழுந்து, இது நான் எழுதிய பகுதி, இதைப் பற்றிப் பேசும்போது நான் அறையில் இருக்க மாட்டேன் என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டுப் பால்கனிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். குறிப்பெடுக்க நான் மட்டும் உட்கார்ந்திருந்தேன். கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் அவர் முதுகு தெரிந்தது. அவர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் ஒப்பந்தத்தை ஒத்திப்போட்டிருப்பார்கள், எனக்கு அது நிச்சயம். நிர்வாகக் குழுவில் அவர் மேல் அவ்வளவு மரியாதை. நிபந்தனையோடு வரும் நன்கொடை வேண்டாம் என்றார்கள். எழுதுபவர்கள் ஏற்கெனவே எடுத்த முடிவு என்பதால் ஒப்பந்தத்துக்குச் சரி என்றார்கள். நான் போய்க் கதவைத் திறந்தேன்.

"ஆச்சா?"

"ஆச்சு மேடம்."

"ரெண்டும்?"

"ரெண்டும்."

"சரி, கையெழுத்துப் போடணும்ல, எடுத்துட்டு வா."

எனக்குக் கோபம் தாங்கவில்லை. "நீங்க ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல மேடம்?" என்று கேட்டேவிட்டேன்.

"சொன்னா கேட்டுடுவாங்கம்மா. அதான் சொல்லல," என்றார்.

அந்த வருடம் புது இயந்திரங்கள் வரவில்லை. ஹடப்சர் முதலாளியும் அதன் பிறகு வரவில்லை. அவருடைய ஆட்கள் பழைய பதிப்பை எங்களிடமிருந்து இறக்கிக்கொண்டார்கள் என்று மட்டும் கேள்விப்பட்டேன். இயந்திரங்கள் கேட்டவர்கள் மின்னஞ்சல் குழுவில் அறக்கட்டளையைத் திட்டினார்கள், செயலாளரையும் சேர்த்துத்தான். அவர் அதற்கும் பதில் எழுதவில்லை. எனக்கு அவரைப் பார்த்தால் பாவமாகவும் இருந்தது, எரிச்சலாகவும் இருந்தது.

வேலை முடியும் தறுவாயில் கோயம்புத்தூர்க்காரர் மடிக்கணினியோடு அலுவலகத்துக்கு வந்தார். செயலாளர் வயதுதான் இருக்கும், இருந்தாலும் அக்கா என்றுதான் கூப்பிட்டார். நாற்காலியின் நுனியில் உட்கார்ந்துகொண்டு, "எடுத்த பைல் எல்லாத்துலயும் மேல உங்க பேருதானுங்க அக்கா இருந்துது. உள்ள போடறக்கு முன்னால நீங்க ஒருக்கா பாத்துட்டீங்கன்னா எனக்குத் திருப்தியா இருக்குமுங்க," என்றார்.

"அதெல்லாம் நான் பாக்கறதில்லங்க. உரிமையைக் குடுத்தாச்சு."

"போடறக்குத்தானுங்க உரிமை வேணும். பாத்துச் சொல்றக்கு எதுக்குங்க? அது ரோட்டுல போறவங்க கூட பாக்கலாமுங்க."

அது உண்மைதான். உலகத்தில் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம் என்பதற்காகத்தானே எங்கள் அலுவலகமே இருந்தது. செயலாளருக்குச் சட்டென்று சிரிப்பு வந்துவிட்டது. "அரே, குடுங்க" என்று மடிக்கணினியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். அத்தனை வருடத்தில் அவர் நிரலைப் படித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான். மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, உதடு லேசாக அசைய, வரி வரியாக இறங்கிக்கொண்டே போனார். நீக்கிய வரிகள் திரையில் சிவப்பாக ஓடின. சில இடங்களில் நின்றார். ஓரிடத்தில், "இத எழுதறப்போ எனக்குக் காய்ச்சல்" என்றார். எங்கள் இருவரிடமும் சொன்னதாகத் தெரியவில்லை.

முடித்துவிட்டு மடிக்கணினியைத் திருப்பினார். "நல்லா செஞ்சிருக்கீங்க. ஒண்ணு மட்டும் விட்டுட்டீங்க."

"இல்லீங்களே அக்கா. அந்தச் சில்லு பேரப் போட்டுத் தேடுனனுங்க. எங்கயுமே இல்லீங்க."

"பேரு போடாம எழுதினது. பொது எடத்துல இருக்குது." எல்லாக் கணினிகளும் எழும்போது கடந்து போகிற ஒரு பகுதியைத் திறந்து காட்டினார். அங்கே ஒரு சின்னக் காத்திருப்பு இருந்தது. அந்தச் சில்லு எழுந்து நிதானத்துக்கு வரக் கொஞ்சம் நேரம் பிடிக்கும் என்பதால், அதற்காக எல்லாக் கணினிகளும் அந்த இடத்தில் ஒரு கணம் நின்று போகும்படி அவர் எப்போதோ எழுதிவைத்தது. காரணத்தை எங்கும் குறித்துவைக்கவில்லை.

கோயம்புத்தூர்க்காரர் தலையில் கைவைத்துக்கொண்டார். "இதத் தொடறக்கு எல்லாத்துக்கும் பயமுங்க அக்கா! எதுக்கு இருக்குதுன்னே தெரியாம, எடுத்தா என்ன ஆகுமோன்னு அப்படியே வெச்சிருக்கறமுங்க."

"எடுங்க. ஒண்ணும் ஆகாது."

"நான் சொன்னா நம்ப மாட்டாங்களே. குழுவுல நீங்களே ஒரு வார்த்தை எழுதீட்டீங்கன்னா..."

செயலாளர் எழுதினார். அலுவலக முகவரியிலிருந்து எழுதாமல், தன் சொந்த முகவரியிலிருந்து எழுதினார். இரண்டே வரி. இந்தக் காத்திருப்பு நான் சேர்த்தது, அந்தச் சில்லுக்காக மட்டும், இதையும் எடுத்துவிடுங்கள்.

கோயம்புத்தூர்க்காரர் போன பிறகு என்னால் சும்மா இருக்க முடியவில்லை. "அத விட்டிருக்கலாம் மேடம். யாருக்கும் தெரிஞ்சிருக்காது. உங்களோடதுன்னு ஒண்ணு உள்ள இருந்திருக்கும்ல," என்றேன்.

"இருந்திருக்கும்," என்றார். "எங்கெங்கயோ இருக்கற மெஷின் எல்லாம் காலைல எழுந்து எனக்காக ஒருவாட்டி நின்னுட்டுப் போயிருக்கும். பாவம், இன்னாத்துக்கு நிக்கறோம்னு அதுங்களுக்கே தெரியாது." சிரிக்கத்தான் ஆரம்பித்தார். பாதியில் குரல் உடைந்துவிட்டது. முகத்தை மறைத்துக்கொள்ளவில்லை, என் எதிரிலேயே அழுதார். நான் எழுந்து போய் அவர் தோளில் கைவைத்தேன்.

அவர் பதவிக்காலம் முடிந்து விலகிவிட்டார். இப்போது வேறொரு செயலாளர், நானும் இன்னும் அதே அலுவலகத்தில்தான் இருக்கிறேன். முன்பெல்லாம் காலையில் வந்து எங்கள் இயங்குதளம் ஓடும் என் கணினியின் பொத்தானை அழுத்தினால் திரை ஒரு கணம் கறுத்து நிற்கும். அந்த நேரத்தில் பையை வைத்துவிட்டுத் தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திறந்துவிடுவேன். புதிய பதிப்பு வந்த பிறகு மூடியைத் திருகுவதற்குள்ளேயே திரை வந்துவிடுகிறது. புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு இதில் ஒன்றும் தெரியாது. நான் மட்டும் கையில் பாட்டிலோடு கொஞ்சம் நின்றுவிட்டுத்தான் உட்காருகிறேன்.