பச்சைக் குளம் நாணக்கேடாம்

காலையில் எழுந்ததும் முதல் வேலையாக எங்கள் வலியசாலைக் குளத்துப் படியில் போய் உட்கார்ந்தேன். எனக்கென்று கிடைக்கும் பத்து நிமிடம் அதுதான்.

இன்று அதுவும் போச்சு. தெருச் சங்கச் செயலாளர் ஒரு மூட்டை பிளீச்சிங் பவுடரோடு வந்து நின்றார்.

"கோயில் உல்சவம் வருதுல்லே மாமி. தண்ணி இப்படிப் பச்சையாக் கெடந்தா போட்டோல நாணக்கேடாக்கும், கேட்டேளா."

"இதைக் கொட்டினா பாசியோட மீனும் செத்துடும். அந்தப் பாசிதான் அதுக்குச் சாப்பாடு. மூச்சுக்காத்தும் அதுதான் குடுக்கறது."

"மீனுக்குத்தான் தெனமும் பொரி போடறோமே!"

அந்தப் பொரி அழுகித்தான் பாசி இவ்வளவு மண்டியிருக்கிறது. எம்.காம். படித்தவருக்கு இது எட்டவில்லை.

"மூச்சு விடறதுக்கும் பொரிதானா?" என்றேன்.

"மாமிக்கு எப்பவும் தமாஷ்" என்று மூட்டையைப் பிரிக்கக் குனிந்தார். நான் அதன்மேல் ஏறி உட்கார்ந்துவிட்டேன்.

"எழுந்திருங்கோ மாமி, ஆளுகள் பாக்கறா!"

"பாக்கட்டும்."

"ஞாயித்துக்கிழமை சங்க எலெக்ஷன் முடியட்டும். மறுநாளே கொட்டறேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். போட்டியில்லாமல் ஜெயிக்கிறவர் அல்லவா!

இந்தமுறை போட்டி உண்டு. நான் நிற்கப்போகிறேன்.

இதை இன்னும் யாரிடமும் சொல்லவில்லை. போட்டியே இல்லாவிட்டாலும் செயலாளருக்காக வீடு வீடாக ஓட்டுக் கேட்டு அலைகிறவர் என் கணவர். நல்லவேளை, அவர் முகநூலில் இல்லை. உங்களில் யார் அவரிடம் பக்குவமாகச் சொல்கிறீர்கள்?