கராஜ் குழாயின் கடைசி வளைவு

நியூ ஜெர்சியில் எங்கள் வீட்டுக்கு முன்வாசல் என்று ஒன்று இருக்கத்தான் செய்தது. அதைப் பார்சல்களுக்கும் கொலுவுக்கு வரும் ஆன்ட்டிகளுக்கும் விட்டுவைத்திருந்தோம். அப்பா, அம்மா, நான் மூவரும் வீட்டுக்குள் நுழைவது கராஜ் வழியாகத்தான். கதவு முனகிக்கொண்டே மேலே போகும், கார் உள்ளே போகும், தலைக்கு மேலே அந்தக் குழாய்கள் வரும். குளிர்காலத்தில் மாடி அறைகளைச் சூடாக்க, மூலையில் இருந்த பாய்லரிலிருந்து வெந்நீர் கொண்டுபோகும் குழாய்கள் அவை. சூடு வீணாகாமலிருக்க, எங்களுக்கு முன்னால் அங்கே இருந்தவர்கள் பஞ்சைச் சுற்றி மேலே வெள்ளைத் தாள் ஒட்டியிருந்தார்கள். தாள் மஞ்சளாகி அங்கங்கே கிழிந்திருந்தது. கிழிந்த இடங்களில் சாம்பல் நிற டேப். அம்மா காரை விட்டு இறங்கும்போதெல்லாம் அண்ணாந்து பார்த்து ஒரே வாக்கியத்தைச் சொல்வாள்.

“யாருக்கோ மாவுக்கட்டு போட்டுத் தூக்கிக் கட்டின மாதிரி இருக்கு. வீட்டுக்கு வந்த மாதிரியே இல்ல.”

இந்த வீக்எண்ட் பார்க்கலாம் என்பார் அப்பா. அந்த வீக்எண்ட் எங்கள் வீட்டுக்கு வந்ததே இல்லை.

எனக்கு ஏழு வயது இருக்கும்போது சென்னையில் அம்மாவின் அப்பாவுக்கு உடம்பு முடியாமல் போனது. அம்மா அவசரமாகக் கிளம்பினாள். தாத்தா தேறி எழுந்துவிட்டார், அம்மாதான் மாட்டிக்கொண்டாள். திரும்பி வர வேண்டுமென்றால் அவள் பாஸ்போர்ட்டில் புது விசா குத்த வேண்டும். பரிசீலனையில் இருக்கிறது, காத்திருங்கள் என்று தூதரகத்தில் சொல்லி அனுப்பிவிட்டார்கள். எதுவரைக்கும் என்று சொல்லவில்லை. நான் இங்கே பிறந்தவள் என்பதால் எனக்கு யாரும் எதையும் குத்த வேண்டியதில்லை. என்னைப் பெற்றவளுக்குத்தான் குத்த வேண்டியிருந்தது. இந்த நியாயம் எனக்கு இன்றுவரை பிடிபடவில்லை.

அம்மா எப்போது வருவாள் என்று நான் அப்பாவைப் பிய்த்து எடுத்தேன். பல் தேய்க்கும்போது கேட்டேன், சிக்னலில் கார் நிற்கும்போது கேட்டேன், அவர் ஆபீஸ் போனில் பேசிக்கொண்டிருக்கும்போது கதவைத் திறந்து கேட்டேன். ஒரு சனிக்கிழமை காரைக் கராஜில் நிறுத்திய பிறகும் அப்பா இறங்கவில்லை. ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே மேலே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

“இந்தப் பைப்பை எல்லாம் அழகு பண்ணிடலாம் கண்ணா. நாம முடிக்கவும் அம்மா வரவும் சரியா இருக்கும்.”

அவர் ஒரு பேச்சுக்குச் சொன்னார். நான் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன்.

கம்ப்யூட்டரைத் தவிர வேறெதையும் கழற்றி மாட்டி அறியாதவர் அப்பா. துணியைப் பசையில் முக்கிச் சுற்றினால் மேலே பெயின்ட் அடிக்கலாம் என்று எங்கேயோ படித்துவிட்டு வந்தார். துணிக்கு அவருடைய பழைய வேட்டிகள் கிழிபட்டன. பசைக்குக் கடைக்குப் போகவில்லை. கல்லூரியில் போஸ்டர் ஒட்டிய பழக்கத்தில் அடுப்பில் மைதாவைக் காய்ச்சிவிட்டார். அம்மா மாவுக்கட்டு என்று கேலிக்குச் சொன்னதை அப்பா நிஜமாகவே போட்டு முடித்தார்.

அந்த நாட்களைத்தான் இப்போதும் கனவில் பார்க்கிறேன். காரை வெளியே விட்டுவிட்டுக் கராஜ் தரையில் கம்பளியை விரித்து என்னைப் படுக்க வைத்திருப்பார். வெளியே மேப்பிள் இலைகள் உதிர்ந்துகொண்டிருக்கும். பாய்லர் உறுமத் தொடங்கியதும் குழாய்கள் ஒவ்வொன்றாக டிக், டிக் என்று சொல்லும். சூடு ஏற ஏற, பசை காயும் வாசனை மெல்ல இறங்கி வரும். தோசைக்கல்லில் முதல் தோசை வேகிற வாசனை அது. அந்த வெந்நீர் பாய்லரிலிருந்து வரவில்லை, அம்மா இருக்கும் இடத்திலிருந்து வருகிறது, சென்னை அவ்வளவு வெயில் ஊராயிற்றே என்று நினைத்துக்கொண்டே தூங்கிப்போவேன். சுகமான தூக்கம். அப்படி ஒரு தூக்கம் பிறகு எந்தக் கட்டிலிலும் எனக்கு வாய்க்கவில்லை.

துணி காய்ந்ததும் வெள்ளை அடித்தார். வெள்ளைக்கு மேலே பட்டை பட்டையாகக் காவி. கோயில் மதில் கணக்காக இருக்க வேண்டும், அம்மா உள்ளே வந்ததும் அசந்துபோக வேண்டும் என்றார். நாயைக் கூட்டிக்கொண்டு நடக்க வந்த பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்த்து, கேண்டி கேன் பிரமாதம், இந்த வருடம் கிறிஸ்துமஸுக்கு நீங்கள்தான் முந்திக்கொண்டீர்கள் என்று பாராட்டினார். அவர் கண்ணுக்கு அது கிறிஸ்துமஸுக்குத் தொங்கவிடும் சிவப்பு வெள்ளைப் பட்டை மிட்டாய். பிரஷ்ஷும் கையுமாக ஏணியில் நின்ற அப்பா, தாங்க் யூ என்றார்.

வேலை மளமளவென்று நடந்தது. பிறகு திடீரென்று நடக்கவில்லை. ஒரு நாள் சென்னைக்குப் பேசிவிட்டு வந்தவர், பட்டை கோணலாக இருக்கிறது என்று பாதிக் குழாய்க்கு மறுபடி வெள்ளை அடித்தார். எனக்கு அது நேராகத்தான் தெரிந்தது. அடுத்த வாரம் காவி ரொம்ப அடர்த்தி என்றார். கடைசியில் வீட்டுக்குள் போகும் கதவருகே, சுவரோடு கீழே இறங்குகிற ஒரே ஒரு வளைவு மட்டும் பாக்கி நின்றது. அது கஷ்டமான இடம், அப்புறம் பார்க்கலாம் என்று தள்ளிக்கொண்டே போனார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அம்மாவை வரவிடாமல் செய்கிறவர் யார் என்று அப்போதுதான் புரிந்ததாக நினைத்தேன். இந்த அப்பாதான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் சமையலறையில் அம்மாவோடு போனில் இருந்தார். ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறி, அந்த வளைவுக்கு நானே காவி அடித்தேன். கதவுக்கும் கொஞ்சம், எனக்கும் கொஞ்சம். பிறகு சுவரில் இருந்த பட்டனை அமுக்கிக் கராஜ் கதவைத் திறந்துவிட்டு, தெருவைப் பார்த்து உட்கார்ந்துகொண்டேன். குளிர் அடித்தது. கோட் போட்டுக்கொள்ள உள்ளே போனால் அந்த நேரம் அம்மா வந்துவிடுவாள் என்று போகவில்லை.

அப்பா வந்தார். தமிழ் புரியும், பதில் இங்கிலீஷில்தான் வரும் வயது எனக்கு.

“ஐ ஃபினிஷ்ட் இட், அப்பா. வென் இஸ் அம்மா கமிங்?”

அவர் அந்த வளைவையே பார்த்துக்கொண்டு நின்றார். என்னைத் திட்டப்போகிறார் என்று நினைத்தேன். திட்டவில்லை. கையை நீட்டி அதை ஒரு விரலால் தொட்டு, விரலை என்னிடம் காட்டினார்.

“இன்னும் காயலையே கண்ணா. காஞ்சாதானே முடிஞ்ச மாதிரி.”

அது எனக்கு நியாயமாகப் பட்டது. அன்றிலிருந்து ஸ்கூலுக்குக் கிளம்பும்போது தினமும் அந்த வளைவைத் தொட்டுப் பார்த்தேன். தினமும் விரலில் காவி ஒட்டியது. சில நாள் ஜாக்கெட் கையிலும் ஒட்டி டீச்சர் என்னவென்று விசாரித்தார். குளிர்காலத்தில் எதுவுமே லேசில் காயாது என்றார் அப்பா. பனி பெய்து, உருகி, மறுபடி பெய்தது. அது காயவில்லை.

வெளியே மரங்கள் துளிர்விட ஆரம்பித்தபோது அம்மா வந்தாள். நான் விமான நிலையத்திலிருந்தே அவள் துப்பட்டாவை விடவில்லை. கராஜ் கதவு முனகிக்கொண்டு மேலே போனது. இறங்கியதும் பழக்கத்தில் அண்ணாந்து பார்த்தாள்.

“மதில் மாதிரி இருக்கே,” என்றாள். கேண்டி கேன் என்று சொல்லவில்லை. அதில் எனக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான்.

கதவருகே வந்ததும் அந்த வளைவைத் தடவினாள். மற்ற இடமெல்லாம் சமமாக இருக்க, அது மட்டும் கட்டிகட்டியாகப் பெயின்ட் ஏறி வீங்கிக் கிடந்தது.

“இந்த ஒரு இடம் மட்டும் ஏன் இவ்ளோ தடியா இருக்கு?”

“பெயின்ட் சரியில்ல,” என்றார் அப்பா, பெட்டியை இறக்கிக்கொண்டே. நானும் சாட்சி சொன்னேன். ஆமாம், மட்டமான பெயின்ட், நேற்று வரைக்கும் காயவே இல்லை என்றேன்.

அம்மா குழாயைப் பார்க்கவில்லை, அப்பாவின் கையைப் பார்த்தாள். நகக்கண்ணெல்லாம் புதுக் காவி. வெந்நீர் ஓடுகிற குழாயில் அடித்த பெயின்ட், கை கழுவிவிட்டு வருவதற்குள் காய்ந்துவிடும். அது எனக்கு அப்போது தெரியாது. அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும். அந்த வளைவின்மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு, உள்ளே வராமல் அங்கேயே நின்றாள். எனக்குப் பசித்தது. வா, வா என்று அவள் துப்பட்டாவைப் பிடித்து இழுத்துக்கொண்டே இருந்தேன்.